யூனுஸ் நபி மேடு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வேறெதற்கோ பதில் சொல்லும்போது, "மொசூலில் யூனுஸ் நபி பள்ளிவாசலைத் தகர்த்தார்களே, அந்த மாதிரி" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். (2014இல் ஐ.எஸ். என்ற ஆயுதக் குழு வெடிவைத்துத் தகர்த்த பள்ளி அது.) அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் கடிதம் அதிகம். சினிமா, கிரிக்கெட் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழ் வரை காத்திருக்கட்டும், இந்த முறை முழுக்க மொசூல்தான்.

கேள்வி (மேலப்பாளையம் வாசகர்): நீங்கள் பள்ளிவாசல் என்று எழுதுகிறீர்கள், என் அண்ணன் அது தர்கா என்கிறார். எது சரி?

அண்ணனும் சரி, நானும் சரி. மொசூல் வடக்கு ஈராக்கில் டைகிரிஸ் ஆற்றங்கரை நகரம் (மஸ்லின் துணிக்குப் பெயர் கொடுத்த ஊர் இதுதான் என்பார்கள்). பழைய மொசூல் ஆற்றுக்கு மேற்கே இருக்கிறது. கிழக்குக் கரையில், இன்றைய வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவே, அசீரியர்களின் நினிவே நகரம் புதைந்து கிடக்கும் மண்மேடுகள் இரண்டு. பெரியதற்கு குயுஞ்ஜிக் என்று பெயர், மற்றது நபி யூனுஸ். இந்த இரண்டாவது மேட்டின் மேல்தான் அந்தப் பள்ளி இருந்தது. ஜும்ஆ தொழுகை நடக்கும் பெரிய பள்ளி, அதற்குள்ளேயே யூனுஸ் நபியின் கப்ர் என்று மக்கள் நம்பிய அடக்கத்தலம், அதன் தலைமேல் கூம்பு மாதிரி ஒரு குவிமாடம். நாகூரில் தர்கா வளாகத்துக்குள்ளேயே பள்ளிவாசலும் இருக்கிறதல்லவா, ஏறக்குறைய அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். திமிங்கலத்தின் பல் என்று ஒன்றையும் அங்கே வைத்திருந்தார்கள். யூனுஸ் நபி என்றால் மீன் இல்லாமல் எப்படி?

கேள்வி (பாளையங்கோட்டை வாசகி): ஞாயிறு பள்ளியில் நாங்கள் படித்த யோனாவும் இந்த யூனுஸும் ஒருவரேதானா?

ஒருவரேதான் அம்மா. நினிவேக்குப் போய் எச்சரிக்கை செய் என்று கடவுள் சொல்ல, யோப்பாவில் கப்பலேறி நேர் எதிர்த் திசையில் தர்ஷீசுக்கு ஓடப் பார்த்தவர், புயலில் கடலில் போடப்பட்டு மீன் வயிற்றில் மூன்று நாள் கிடந்தவர். கரையில் கக்கப்பட்டு, வேறு வழியில்லாமல் நினிவேக்குப் போய் "இன்னும் நாற்பது நாள்தான்" என்று கூவுகிறார். ஊரே திருந்திவிடுகிறது. ராஜா சிங்காசனத்தைவிட்டு இறங்கி இரட்டு (சாக்குத்துணி) உடுத்திச் சாம்பலில் உட்காருகிறார். மனிதர்கள் மட்டுமல்ல, ஆடு மாடுகளும் இரட்டு உடுத்த வேண்டும் என்று உத்தரவு போடுகிறார் பாருங்கள், அந்த இடத்தில் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். கடவுள் மன்னித்துவிடுகிறார். யோனாவுக்குத்தான் கோபம், சொன்னபடி அழிவு வரவில்லையே என்று!

குர்ஆனிலும் இதே ஆள், இதே மீன், இதே மனந்திரும்பிய ஊர். பத்தாவது அத்தியாயத்துக்கே யூனுஸ் என்று பெயர். சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. வெயிலில் கிடந்தவருக்கு நிழலாக முளைத்தது தமிழ் பைபிளில் ஆமணக்குச் செடி, குர்ஆன் தமிழாக்கங்களில் சுரைக்கொடி. ஊரின் ஜனத்தொகை பைபிளில் இலட்சத்து இருபதாயிரத்துக்கு மேல், குர்ஆனில் ஒரு லட்சம் அல்லது அதற்கு மேல். கஷ்டம் வந்தால் நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் பெரியவர்கள் "லா இலாஹ இல்லா அன்த்த சுப்ஹானக்க" என்று ஓத ஆரம்பிப்பார்களே, அது மீன் வயிற்றின் இருட்டுக்குள் யூனுஸ் நபி கேட்ட துஆதான், அதாவது பிரார்த்தனை.

நபிகள் நாயகத்தின் வரலாற்றிலும் நினிவே வருகிறது. தாயிஃப் ஊர்க்காரர்கள் கல்லால் அடித்துத் துரத்த, அவர் ஒரு தோட்டத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தபோது, திராட்சைக் குலை கொண்டுவந்து கொடுத்த அத்தாஸ் என்ற கிறிஸ்தவ அடிமை நினிவேக்காரர். "நல்லவரான யூனுஸுடைய ஊரா நீ?" என்று நபிகள் கேட்க, இவருக்கு எப்படித் தெரியும் என்று அவர் ஆச்சரியப்பட்டார். ஆக அந்த மேட்டுக்கு யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் என்று மூன்று மதத்துக்காரர்களும் உறவு.

கேள்வி (மார்த்தாண்டம் வாசகர்): எங்கள் பக்கம் மலங்கரைக் கிறிஸ்தவர்கள் "மூன்று நோன்பு" இருப்பார்கள். அதற்கும் நினிவேக்கும் சம்பந்தம் உண்டு என்கிறார்களே?

சம்பந்தம் என்ன, அதுவேதான். நினிவே மக்கள் இருந்த நோன்பின் நினைவாக, தவக்காலத்துக்கு மூன்று வாரம் முன்னால் மூன்று நாள் இருப்பது. சிரியக் கிறிஸ்தவ மரபு முழுக்க இது உண்டு, மொசூலைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் உண்டு. கேரளத்தில் குறவிலங்காடு கோயிலில் அந்த நாட்களில் ஒரு மரக் கப்பலைத் தோளில் தூக்கி, அலையில் ஆடுகிற மாதிரியே ஆட்டி ஆட்டி ஊர்வலம் விடுவார்கள். யோனா ஏறிய கப்பல். முடிந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள், கூட்டத்தில் செருப்பு பத்திரம்.

கேள்வி (கீழக்கரை வாசகர்): நேரடியாகக் கேட்கிறேன். யூனுஸ் நபி உண்மையில் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறாரா?

நானும் நேரடியாகச் சொல்கிறேன், அதை நிரூபிக்க ஒன்றும் கிடையாது. யூனுஸ் நபி கப்ர் என்று காட்டும் இடங்கள் வேறேயும் இருக்கின்றன. நாசரேத் பக்கத்தில் ஒன்று, ஹெப்ரோன் பக்கம் ஹல்ஹூலில் ஒன்று, லெபனான் கடற்கரையில் ஒன்று.

ஆனால் அந்த மேட்டின் கதை கப்ரோடு தொடங்கவும் இல்லை. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், எனக்கு இதுதான் பிடித்த பகுதி. அடியில் இருப்பது அசீரியப் பேரரசின் படைக்கல அரண்மனை. தேர், குதிரை, ஆயுதம், போரில் கொள்ளையடித்த பொருள் எல்லாம் வைக்கிற இடம். சனகெரிப் கட்டினான், அவன் மகன் எசரத்தோன் பெரிதாக்கினான் (தமிழ் பைபிளில் இருக்கிற பெயர்களையே எழுதுகிறேன்). இந்த எசரத்தோன் கி.மு. 671இல் எகிப்தைப் பிடித்தவன். அங்கிருந்து வாரிக்கொண்டு வந்த திராக்கா மன்னனின் சிலைத் துண்டுகள் 1954இல் இதே மேட்டில் கிடைத்தன. கி.மு. 612இல் மேதியரும் பாபிலோனியரும் சேர்ந்து நினிவேயை எரித்தார்கள், அத்தோடு அந்த நகரம் முடிந்தது.

அப்புறம் பல நூற்றாண்டு கழித்து, அதே மேட்டில் கிறிஸ்தவர்கள் யோனாவின் பெயரில் ஒரு மடம் கட்டினார்கள். கிழக்குத் திருச்சபையின் தலைவர் ஒருவர், முதலாம் ஹனானிஷோ, ஏழாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். இஸ்லாம் வந்த பிறகு அந்த இடத்துக்கு "தல்லுத் தவ்பா" என்று பெயர். தவ்பா மேடு, அதாவது ஊர்மக்கள் நின்று பாவமன்னிப்புக் கேட்ட இடம். பத்தாம் நூற்றாண்டில் ஹம்தானிய அரச குடும்பத்துப் பெண் ஜமீலா அங்கே பள்ளியும் இறையடியார்கள் தங்க வீடுகளும் கட்டிக்கொடுத்தார். 1184இல் ஸ்பெயினிலிருந்து வந்த பயணி இப்னு ஜுபைர் பார்க்கும்போது அங்கே ஒரு பெரிய தங்குமிடம், அதில் திரை போட்ட ஓர் அறை. அது யூனுஸ் நபி நின்ற இடம் என்றுதான் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள், அடக்கமான இடம் என்று சொல்லவில்லை. பதினான்காம் நூற்றாண்டில் வந்த இப்னு பதூதா, மொசூல்காரர்கள் ஒவ்வொரு வியாழன் இரவும் அங்கே போய் வணக்கத்தில் இருப்பார்கள் என்று எழுதுகிறார். கப்ர் என்ற நம்பிக்கை அந்த நூற்றாண்டில்தான் உறுதிப்படுகிறது. மடத்தில் அடக்கமாகியிருந்த அந்தக் கிறிஸ்தவத் தலைவரின் கல்லறையைத்தான் பின்னால் நபியின் கப்ர் என்று எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு.

அப்படியே இருந்தாலும் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. நபி அங்கே அடங்கியிருக்கிறாரோ இல்லையோ, ஓர் ஊர் ஆயிரம் வருஷத்துக்கு மேல் அந்த மேட்டில் ஏறி மன்னிப்புக் கேட்டிருக்கிறது. அது நிஜமாக நடந்தது. ஒவ்வொருவரும் முந்தினவர் விட்டுப்போனதன் மேலேயே தன்னுடையதைக் கட்டியிருக்கிறார்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): தகர்த்த அன்று என்ன நடந்தது? காணொளி பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை.

ஐ.எஸ். படை மொசூலைப் பிடித்தது 2014 ஜூன் 10. அரசுப் படை பெரும்பாலும் சண்டை போடாமலே ஓடிவிட்டது. ஜூன் கடைசியில் தங்கள் ஆட்சியைக் கிலாஃபத் (கலீஃபா ஆட்சி) என்று அறிவித்துக்கொண்டார்கள். ஜூலை நடுவில் கிறிஸ்தவர்களுக்குக் கெடு வைத்தார்கள்: மதம் மாறு, வரி கட்டு, இல்லையென்றால் வாள், அல்லது ஜூலை 19 பகலுக்குள் ஊரைவிட்டுப் போ. அவர்கள் வீட்டுச் சுவர்களில் சிவப்புச் சாயத்தில் "நூன்" என்ற அரபி எழுத்தைப் போட்டு வைத்தார்கள். நஸ்ரானி (கிறிஸ்தவர்) என்பதன் முதல் எழுத்து, ஒரு கிண்ணத்துக்குள் புள்ளி வைத்த மாதிரி இருக்கும்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தோன்றாமல் போயிருக்கலாம். அரபியில் நூன் என்றால் மீன் என்றும் பொருள். யூனுஸ் நபிக்குக் குர்ஆனில் இருக்கும் பட்டப்பெயரே "துன்னூன்", மீனுக்குரியவர். அறுபத்தெட்டாவது அத்தியாயம் "நூன்" என்ற ஒற்றை எழுத்தோடுதான் தொடங்குகிறது, அதே அத்தியாயத்தில் பின்னால் அந்த மீன்காரர் வருகிறார். அந்த எழுத்தைச் சுவரில் கிறுக்கி ஒரு ஜனத்தை விரட்டியது 19ஆம் தேதி. சரியாக ஐந்து நாள் கழித்து, 24ஆம் தேதி, மீன்காரரின் மேட்டுக்கே வந்தார்கள். ரமலானின் கடைசிப் பத்து நாட்கள், கிழமை வியாழன்.

உள்ளே இருந்தவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, கட்டடத்தில் வெடிமருந்து வைத்து வெடித்தார்கள். நீங்கள் பார்த்த காணொளியில் தெரிவது கொஞ்ச நொடிதான்: மினாராவும் குவிமாடமும் வெயிலில் நிற்கின்றன, அப்புறம் அடியிலிருந்து சாம்பல் நிறப் புழுதி கிளம்பி எல்லாவற்றையும் விழுங்குகிறது. சண்டை நடந்து குண்டு விழுந்த இடமில்லை அது. எதிரே ஒரு துப்பாக்கிகூட இல்லாத நேரத்தில், நேரம் எடுத்துச் செய்த வேலை. அடுத்த சில நாளில் நபி ஷீத், நபி ஜிர்ஜீஸ் பெயரிலிருந்த பள்ளிகளும் போயின.

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): கப்ரைக் கும்பிடுவது இறைவனுக்கு இணைவைப்பு. செய்த முறை தப்பாக இருக்கலாம், காரணம் சரிதானே? மழுப்பாமல் பதில் சொல்லவும்.

மழுப்பவில்லை. நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) கிடையாது, தர்காவுக்குப் போகலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. நபிமார்களின் கப்ருகளைத் தொழுமிடமாக ஆக்காதீர்கள் என்று எச்சரிக்கும் ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது, அதைத்தான் ஐ.எஸ். ஆட்களும் தூக்கிப் பிடித்தார்கள். இதே விவாதம் தமிழ்நாட்டில் எத்தனையோ வருஷமாக மேடை போட்டு, மைக் வைத்து, நோட்டீஸ் அடித்து நடக்கிறது. நடக்கட்டும். கேட்டுவிட்டு ஒருவர் ஏர்வாடிக்குப் பஸ் ஏறுகிறார், இன்னொருவர் ஏறாமல் வீட்டுக்குப் போகிறார்.

மொசூலில் நடந்தது வேறு. முதல் விஷயம், அந்த மண்ணை முஸ்லிம்கள் பிடித்தது ஏழாம் நூற்றாண்டில். அன்றிலிருந்து அங்கே வந்த கலீஃபாக்கள், சுல்தான்கள், கத்தீபுகள், மார்க்க அறிஞர்கள் ஒருவர் கண்ணுக்கும் தெரியாத இணைவைப்பு இவர்களுக்கு மட்டும் தெரிந்ததா? ரெண்டாவது, கப்ர்தான் பிரச்சினை என்றால் கப்ரை மட்டும் பேசியிருக்கலாம், பக்கத்திலேயே ஐந்து நேரம் தொழுகை நடந்த கூடம் என்ன செய்தது? மூன்றாவதும் இருக்கிறது, அதைக் கடைசிக் கேள்விக்கு வைத்திருக்கிறேன்.

கேள்வி (தூத்துக்குடி வாசகி): நம் ஊர் செவிலியர்கள் அப்போது அங்கேதானே மாட்டிக்கொண்டார்கள்?

ஆமாம். திக்ரித் மருத்துவமனையில் இருந்த 46 இந்தியச் செவிலியர்கள், பெரும்பாலும் மலையாளிகள், தமிழ்நாட்டுப் பெண்ணும் உண்டு. ஜூலை 3ஆம் தேதி அவர்களை மொசூலுக்குக் கொண்டுபோனார்கள், மறுநாள் விட்டார்கள், 5ஆம் தேதி கொச்சியில் வந்து இறங்கினார்கள். பள்ளி விழுவதற்கு மூன்று வாரம் முன்னால். மொசூலில் கட்டட வேலைக்குப் போயிருந்த வட இந்தியத் தொழிலாளர்கள் 39 பேருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, 2018இல் பதூஷ் பக்கம் ஒரு மண்மேட்டைத் தோண்டித்தான் உடல்களை எடுத்தார்கள்.

கேள்வி (சிவகங்கை வாசகர்): மேலே பள்ளி இருந்ததால் கீழே தோண்ட முடியவில்லை. இப்போது அரண்மனை வெளியே வந்துவிட்டது. தொல்லியலுக்கு ஒருவகையில் லாபம்தானே?

கீழடிப் பக்கத்திலிருந்து இப்படி ஒரு கேள்வி வருமென்று எதிர்பார்க்கவில்லை சார். குழியில் எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் ஒரு பொருள் கிடந்தது என்பதில்தான் பாதிச் சேதி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2017 ஜனவரியில் ஈராக்கியப் படை அந்த மேட்டை மீட்டபோது இடிபாட்டுக்கு அடியில் சுரங்கங்கள் தெரிந்தன. ஐ.எஸ். ஆட்கள் வெட்டியவை. மேலே சிலை என்றும் கப்ர் என்றும் உடைத்தவர்கள், கீழே விற்கிற மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று கடப்பாரை போட்டிருக்கிறார்கள். வரைபடம் கிடையாது, பதிவு கிடையாது, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போனதுதான். தூக்க முடியாத பெரிய கற்கள் மட்டும் மிஞ்சின: எசரத்தோன் தன் பட்டங்களை வரிசையாகப் பொறித்துக்கொண்ட பலகைகள், அப்புறம் நேர்முகமாக நம்மைப் பார்த்து நிற்கிற பெண் உருவங்கள். அசீரியச் சிற்பத்தில் ஆட்கள் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் இருப்பார்கள், அதனால் இவை அபூர்வம். பிறகு ஹைடல்பெர்க் பல்கலைக்கழக ஆட்கள் ஈராக்கியர்களோடு சேர்ந்து முறையாகத் தோண்டுகிறார்கள்.

பள்ளி இருந்ததால் ஒன்றுமே தெரியாமல் போனது என்பதும் சரியில்லை. எசரத்தோன் அரண்மனை அங்கே இருக்கிறது என்பது 1850 வாக்கிலேயே தெரியும். அந்தக் கதை ரொம்ப சுவாரசியம். லேயார்டு என்ற ஆங்கிலேயருக்கு அந்த மேட்டைத் தோண்ட ஆசை. புனிதமான இடம், சுற்றிலும் வீடுகள், கல்லறைகள், கடப்பாரையோடு போனால் ஊர் திரண்டுவிடும். மேட்டில் குடியிருந்த ஒருவர், கோடை வெயிலுக்கு வீட்டுக்கு அடியில் ஒரு நிலவறை வேண்டுமென்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று லேயார்டு கேள்விப்பட்டார். (அந்தப் பக்கம் வெயில் காலத்துப் பகல்களை நிலவறையில்தான் கழிப்பார்கள்.) லேயார்டின் மேஸ்திரி போய், "நாங்களே இனாமாகத் தோண்டித் தருகிறோம், உள்ளே ஏதாவது பழைய கல் கிடைத்தால் மட்டும் எங்களுக்கு" என்று பேசி முடித்தார். வீட்டுக்காரருக்குக் குளுகுளு அறை, இவர்களுக்கு எசரத்தோன் பெயர் பொறித்த கற்கள். 1980களின் கடைசியில் ஈராக்கியத் தொல்லியல் துறையும் பள்ளிக்கு ஒரு சேதமும் இல்லாமல் ஓரமாகத் தோண்டி அரண்மனை வாசலின் சிறகு முளைத்த காளைகளைக் கண்டது. மேலே தொழுகை நடந்துகொண்டே இருக்க, கீழே வேலையும் நடந்துகொண்டுதான் இருந்தது.

கேள்வி (சென்னை வாசகர்): போன இதழில் நீங்கள் போட்ட படம் யூனுஸ் நபி பள்ளி இல்லை. அந்தச் சாய்ந்த மினாரா வேறு பள்ளியுடையது. கவனிக்கவில்லையா?

கவனிக்கவில்லை, தப்புதான். அது ஆற்றுக்கு மேற்கே பழைய மொசூலில் இருந்த அந்-நூரி பள்ளியின் மினாரா. ஊர்க்காரர்கள் அதை "ஹத்பா" என்பார்கள், கூனல் என்று அர்த்தம். 1172இல் நூருத்தீன் ஸங்கி கட்டியது, ஈராக்கின் பத்தாயிரம் தினார் நோட்டில்கூட அந்தக் கூனல் உண்டு. திண்டுக்கல்காரருக்குச் சொல்வதாகச் சொன்ன மூன்றாவது விஷயமும் இதுதான். அங்கே எந்த நபி கப்ருக்காகவும் யாரும் போகவில்லை. சுத்தமான ஜும்ஆ பள்ளி, ஐ.எஸ். தலைவன் பக்தாதி 2014 ஜூலை 4 அன்று கறுப்பு அங்கியோடு மிம்பரில் (பிரசங்க மேடை) ஏறி குத்பா (ஜும்ஆ உரை) ஓதிய அதே பள்ளி. மூன்று வருஷம் கழித்து ஈராக்கியப் படை பக்கத்துத் தெரு வரை வந்ததும், 2017 ஜூன் 21 இரவு, அதையும் ஐ.எஸ். ஆட்களே வெடிவைத்துத் தகர்த்துவிட்டு, பழியை அமெரிக்க விமானத்தின் மேல் போட்டார்கள்.

அதை இப்போது திரும்பக் கட்டியாகிவிட்டது. ஐக்கிய அரபு அமீரகம் பணம் கொடுக்க யுனெஸ்கோ முன்னின்று கட்டியது, 2025 செப்டம்பரில் திறந்தார்கள். இடிபாட்டில் பொறுக்கியெடுத்த பழைய செங்கற்களையும் சேர்த்திருக்கிறார்கள். மினாராவை எப்படிக் கட்டுவது என்று வந்தபோது, நிமிர்த்திக் கட்டினால் அது மொசூல் மினாராவாக இருக்காது என்று, மெனக்கெட்டு அதே கூனலோடுதான் எழுப்பியிருக்கிறார்கள். அடுத்த முறை படம் போடும்போது சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுகிறேன்.